உப்பால் போட்ட சாலை

லிமா, பெரு

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். இங்கு நாங்கள் நால்வரும் நலம். உங்கள் நலமும் அம்மாவின் நலமும் அறிய ஆவல். சென்ற ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளோடு பராக்காஸ் தேசியக் காப்பகத்துக்குச் சென்று வந்தோம். அங்கே பார்த்தவற்றில் ஒன்று உங்கள் உப்பளத் தொழிலைச் சேர்ந்தது என்பதால், போனில் சொல்லாமல் எழுதவே உட்கார்ந்தேன்.

லிமாவிலிருந்து தெற்கே சுமார் 250 கிலோமீட்டர். விடியுமுன் வேன் ஏறினோம். வழி நெடுக ஒரு புறம் கடல், மறுபுறம் மணல். நம் தேரிக்காட்டிலாவது பனையும் உடைமரமும் நிற்கும். இங்கே பல மைலுக்குப் புல் பூண்டே கிடையாது. கடலோரம் எப்படிப் பாலைவனமாகும் என்று மகன் கேட்டதற்கு வழிகாட்டி நன்றாக விளக்கினார். தெற்கிலிருந்து வரும் ஹம்போல்ட் நீரோட்டம் மிகக் குளிர்ந்தது. அதன் மேல் படும் காற்றும் குளிர்ந்து, மேலே எழும்பாததால் மழையாகாமல் வெறும் மூடுபனியாகவே நின்றுவிடுகிறது. மழையைத் தடுக்கும் அதே கடலில்தான் ஆழத்துச் சத்தெல்லாம் மேலே வந்து, நம் நெத்திலி இனத்து மீன் கூட்டம் கூட்டமாகப் பெருகுகிறது. 1975இல் ஏற்பட்ட இந்தக் காப்பகத்தின் 3,35,000 ஹெக்டேரில் பெரும்பகுதி கடல்தான்.

முதலில் படகில் பயேஸ்தாஸ் தீவுகளைச் சுற்றிக் காட்டினார்கள், இறங்க அனுமதியில்லை. தீவு கண்ணில் படுமுன்பே எச்ச நாற்றம் வந்துவிட்டது. பாறைகளில் கூழைக்கடாக்களும் நீர்க்காகங்களும் இடைவெளியின்றி உட்கார்ந்திருந்தன. கீழே கடல்சிங்கங்கள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு ஓலமிட்டன. பென்குவின்களைக் கண்டதும் சின்னவள் இருக்கையில் உட்காரவே மறுத்தாள். கரைக்கும் மழை இல்லாததால் பறவை எச்சம் தீவுகளில் மலையாகக் குவிந்து, பத்தொன்பதாம் நூற்றாண்டில் உரமாக ஐரோப்பாவுக்குக் கப்பல் கப்பலாகப் போயிருக்கிறது. பெருவின் அரசாங்கமே பல ஆண்டுகள் அந்தப் பணத்தில்தான் நடந்ததாம்.

பிற்பகலில் காப்பகத்துக்குள் வேனில் சென்றபோதுதான் நான் சொல்ல வந்த விஷயம். சாலை சற்றே கறுத்து, வழவழப்பாக இருந்தது. தார் என்றுதான் நினைத்தேன். உப்பு என்றார் ஓட்டுநர். பக்கத்திலேயே ஒத்தூமா என்ற உப்பளம் இருக்கிறது. அங்கிருந்து உப்பைக் கொண்டுவந்து பரப்பி, நனைத்து, இறுக்கிவிடுகிறார்கள். நான் இறங்கி ஓரத்தில் நகத்தால் சுரண்டிப் பார்த்தேன். மேலே டயர் அழுக்கு, அடியில் வெள்ளைப் பரல். ஐப்பசி மழைக்கு முன் அம்பாரத்தின் மேல் நீங்கள் பதறிப் பதறி ஓலை வேயும் பொருளை இவர்கள் திறந்த வெளியில் வாகனம் ஓடப் போட்டிருக்கிறார்கள். தூத்துக்குடியில் அந்தச் சாலை ஒரே இரவில் வாய்க்காலாகிவிடும்.

‘பேராலயம்’ என்று பெயர்பெற்ற பாறை வளைவு 2007 ஆகஸ்ட் 15 நிலநடுக்கத்தில் இடிந்து, இப்போது ஒரு பாறைத் துண்டு மட்டும் நிற்கிறது. செம்மணல் கடற்கரையை மேலிருந்துதான் பார்க்க முடியும். லகுனியாஸ் என்ற சிறு மீனவத் துறையில் எலுமிச்சைச் சாற்றில் ஊறிய பச்சை மீனை வெங்காயம், மிளகாயோடு கொடுத்தார்கள். உங்கள் மாப்பிள்ளை இரண்டு தட்டு சாப்பிட்டார். எனக்கு வள்ளிக்கிழங்கே போதுமென்று இருந்தது. அதன்பின் எழுந்த காற்றில் மணல் பல்லில் நறநறத்தது. சிறு பிள்ளைகளோடு வருபவர்கள் மதியத்துக்குள் எல்லாவற்றையும் பார்த்துவிடுவதே நல்லது.

நீங்கள் வரும்போது நாம் இருவரும் ஒத்தூமாவுக்குப் போவோம். அம்மாவுக்குப் படகு ஒத்துக்கொள்ளாது. ஆனால், 1920களில் ஹூலியோ தெல்லோ என்ற பெரு நாட்டுத் தொல்லியலாளர் இந்த மணலுக்கடியிலிருந்து எடுத்த, ஈராயிரம் ஆண்டு பழைய பூவேலைத் துணிகளில் நிறம் மங்காதவை பல லிமா அருங்காட்சியகத்திலேயே இருக்கின்றன. அவற்றை அம்மா நிதானமாகப் பார்க்கட்டும். பாஸ்போர்ட் புதுப்பிக்கக் கொடுத்துவிட்டீர்களா என்று மறக்காமல் எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் மகள்