தம்பிக்கு, டைனமோ பற்றி

தம்பி,

பொங்கலுக்கு மறுநாள் நீ அனுப்பிய படம் கிடைத்தது, சாப்பாட்டு மேசையில் உன்னுடைய காரின் டைனமோவைப் பிரித்துப்போட்ட படம். "அப்பா, இதைத் திருத்தலாமோ, புதுசு போடுறதோ" என்று ஒரே ஒரு வரி. அதற்குப் பிறகு மூன்று கிழமையாக உன்னுடைய சத்தமே இல்லை. போனில் எடுத்தால் "ஓம் அப்பா, பிறகு கதைக்கிறன்" என்று வைத்துவிடுகிறாய், அதனால்தான் கொப்பித் தாளில் எழுதுகிறேன். பக்கத்து வீட்டுப் பெடியன்தான் இதைப் படம்பிடித்து வாட்ஸ்அப்பில் போடுவான், போட முதல் வாசிப்பான், அதையும் மனதில் வைத்துக்கொண்டு டைனமோவைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

கழற்ற முதல் அளந்து பார்த்தாயா? எஞ்சின் ஓடும்போது பற்றறியில் மீற்றரை வைத்தால் 13.8க்கும் 14.4 வோல்ற்றுக்கும் இடையில் நிற்கவேண்டும், புதுக் கார்களில் கம்பியூட்டர் கொஞ்சம் ஏற்றி இறக்கும், அதைக் கணக்கில் எடுக்காதே. 12.6க்குக் கீழே இறங்கிக்கொண்டே போனால்தான் சார்ஜ் இல்லை என்று அர்த்தம். அதிலும் பெல்ற் வழுக்குதா, எர்த் வயர் கறள் பிடித்திருக்கா என்று பார்க்காமல் டைனமோவில் கைவைக்கிறவன் மெக்கானிக் இல்லை. சரி, கழற்றிவிட்டாய்.

படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்தேன். வளையத்தில் உரசுகிற கரி இரண்டும் நகநுனி அளவுக்குத் தேய்ந்துவிட்டன. புதுக் கரி என்றால் ஒரு சென்ரிமீற்றர் அளவுக்கு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். செம்பு வளையம் இரண்டும் கறுத்திருக்கின்றன, ஆனால் பள்ளம் விழவில்லை. அப்படியென்றால் சாமான் நல்லது, திருத்தலாம். கரி, ரெகுலேற்றர், முன்னுக்கும் பின்னுக்கும் பெயரிங், அவ்வளவுதான். சுற்றாமல் நிற்கிற ஸ்ரேற்றர் கம்பியை மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோய் மணந்து பார். வார்னிஷ் எரிந்த மணம் வந்தால் எல்லாவற்றையும் பெட்டியில் போட்டுவிட்டு வேறு வாங்கு. உள்ளே சுற்றுகிற றோட்டரில் இரண்டு வளையத்துக்கும் இடையில் இரண்டு மூன்று ஓம் காட்டவேண்டும், வளையத்துக்கும் தண்டுக்கும் இடையில் ஒன்றுமே காட்டக்கூடாது. டயோட் கரண்டை ஒரு பக்கம் விடும், மறுபக்கம் விடாது. இரண்டு பக்கமும் விட்டால் செத்துவிட்டது. ஈயம் ஊதும்போது டயோட்டின் காலைக் குறட்டால் பிடித்துக்கொள், சூடு குறட்டுக்குப் போகட்டும்.

இங்கே என்றால் நான் யோசிக்கவே மாட்டேன், திருத்து என்பேன். டொல்பின் வானுக்கு டைனமோவின் முதுகில்தான் பிரேக்குக்கான வக்கும் பம்ப் இருக்கிறது, அதன் ஒயில் சீல் போனால் ஒயில் உள்ளே இறங்கிக் கரியைக் களியாக்கிவிடும், கழுவிச் சீல் மாற்றிக் கரி போட்டால் இன்னும் ஐந்து வருடம் ஓடும். 2020 பங்குனியில் வாகன இறக்குமதியை நிறுத்திய நாளில் இருந்து பழைய வான்களுக்கு இருந்த மவுசில்தான் என் பட்டறையும் தப்பியது. சண்டைக்காலத்தில் வன்னிக்குச் சாமான் தடை இருந்தபோது நீ சின்னப் பெடியன். பற்றறியே வன்னிக்குள் வராது. சைக்கிளைக் கவிழ்த்து வைத்துக் உன்னுடைய அக்கா பெடலைச் சுற்றச் சுற்ற அந்தக் குட்டி டைனமோவில்தான் ரேடியோச் செய்தி கேட்டோம். கரி இல்லாமல் ஸ்ராட்டரின் பெரிய கரியை வாளால் அறுத்து, சான்ட்பேப்பரில் உரஞ்சி உரஞ்சி அளவாக்கிப் போடுவேன். அதில் செம்பு கூட, வளையத்தைத் தின்றுவிடும் என்று தெரிந்துகொண்டுதான் போடுவேன். வேறு என்ன செய்ய?

ஆனால் உனக்கு அங்கே எதற்கு இந்தத் தலையிடி? பழையதைக் கொடுத்தால் ஒரு காசைத் திருப்பித் தந்து, ரீகொண்டிஷன் பண்ணினதைத் தருவார்கள் என்று நீதான் முந்தி சொன்னாய். உன்னுடைய சம்பளத்துக்கு அது ஒரு காசே இல்லை. நீ எஞ்சினியர் என்று நான் முறிகண்டியில் கச்சான் விற்கிற மனிசிக்கும் சொல்லி வைத்திருக்கிறேன். இரண்டு நாள் மினக்கெட்டு, அந்தக் குளிரில் கார் அடியில் படுத்து... படம் வந்தது வேலைநாள், கலண்டரில் பார்த்தேன். லீவு எடுத்திருப்பாய்.

திருத்துவது பிழையென்று நான் சொல்லவில்லை. ஸ்ரேற்றரை மணந்து பார், அதைத்தான் திரும்பவும் சொல்கிறேன்.

அம்மா கேட்டா, சாப்பாட்டு மேசையில் எண்ணெய் படவிட மருமகள் எப்படிச் சம்மதித்தா என்று. வேலையால் வந்திருக்கமாட்டா என்று சொன்னேன். வளையத்தைப் பார்க்கத்தான் படத்தைப் பெரிதாக்கினேன் தம்பி, வேறு எதற்கும் இல்லை. ஆனால் சின்னவளின் உயரக் கதிரை எப்போதும் நிற்கிற இடத்தில் கராச் சாமான் பெட்டி இருக்கிறது. நீலக்கரைப் பீங்கானில் போல்ற் கிடக்கிறது. ஒரு தேத்தண்ணிக் கோப்பைதான். பொங்கலுக்குச் சின்னவளைக் காட்டாத வருடம் இதுதான். அம்மாவுக்கு முழங்கால் நோ கூடிவிட்டது, நெல்லு வெட்டியாயிற்று, இரணைமடுவில் தண்ணீர் நிறைய. வேறு புதினம் இல்லை.

நான் எதையும் கேட்கவில்லை. கேட்கிற தகுதி எனக்கு இருக்கா என்றும் தெரியவில்லை. இதைப் பெடியன் வாசித்தாலும் வாசிக்கட்டும்.

2003இல், ஏ9 பாதை திறந்து ஒரு வருடம் ஆனபோது, வவுனியாவுக்கு ஆள் ஏற்றி ஓடிய அந்த டவுன் ஏஸ் வானை நீ மறந்திருக்கமாட்டாய். உனக்குப் பதினொரு வயது. பற்றறியை மாறிக் கொழுவியது நீ இல்லை. நான். இரவு லாம்பு வெளிச்சத்தில், அவசரத்தில், சிவப்பைக் கறுப்பில் கொழுவினேன். ஒரு பொறி, ஒரு மணம், முதல்நாள்தான் போட்ட டயோட் தட்டு முழுக்கப் போய்விட்டது. விடிய வான்காரர் வந்து நின்றார், நீ பற்றறிக்குப் பக்கத்தில் நின்றாய், "உவன்தான் கை வைத்திருப்பான்" என்று என் வாயில் வந்துவிட்டது. சொன்னதை மெய்யாக்குகிறதுக்காக அவருக்கு முன்னாலேயே பழைய ஃபான் பெல்ற்றால் உன்னை அடித்தேன். "நான் தொடேல்லை அப்பா" என்று ஒருக்கால் சொன்னாய். இரண்டாம் தரம் சொல்லவில்லை. அதற்குப் பிறகு நீ பட்டறைக்கு வந்தாலும் வாசலில் நின்றுதான் கதைப்பாய், எதையும் தொடமாட்டாய், எதையும் கேட்கமாட்டாய். அம்மாவுக்கு இன்றைக்கும் இது தெரியாது. கடைசிச் சண்டையில் மாத்தளனில் மீற்றர், சாவிக்கட்டு எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தேன், இது மட்டும் கூடவே வந்துவிட்டது.

இத்தனை வருடம் கழித்து நீயாக ஒன்றைப் பிரித்துப்போட்டு, திருத்தலாமோ என்று என்னிடம் கேட்டிருக்கிறாய். அதுதான் கையெல்லாம் நடுங்கிக்கொண்டு எழுதுகிறேன், எழுத்து விளங்காவிட்டால் பெடியனிடம் கேள்.

திரும்பப் பூட்டும்போது டைனமோவின் பெரிய வயரைக் கொழுவ முதல் பற்றறியின் நெகட்டிவ் கழன்றிருக்கிறதா என்று பார், அந்த வயரில் எப்போதும் கரண்ட் நிற்கும். எஞ்சின் ஓடும்போது பற்றறி வயரைக் கழற்றிச் சோதிக்கிற பழக்கம் வேண்டாம், டயோட்டையும் ரெகுலேற்றரையும் கொன்றுவிடும். பீங்கானில் மூன்று போல்ற்தான் தெரிகிறது, நாலாவது மேசைக்குக் கீழே உருண்டிருக்கும், குனிந்து பார்.

பின்னேரம் ஐந்து மணிக்கு மேல் நான் பட்டறையில் தனியாகத்தான் இருப்பேன். உனக்கு அப்போது விடியப்புறம். வீடியோவைப் போட்டு மேசையில் சாத்தி வை, ஒவ்வொன்றாகக் காட்டு, கதைக்காவிட்டாலும் பரவாயில்லை.

அப்பா
விசுவமடு