செவ்வாய்க்கிழமைத் தாய்ச்சி வகுப்பைத் தொடர்ந்து நடத்தக் கோரி: சமூக மன்ற நிர்வாகக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

எங்கள் வட்டாரச் சமூக மன்றத்தின் நிர்வாகக் குழுவினருக்கு வணக்கம்.

எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் செவ்வாய்க்கிழமை மாலைதோறும் நடந்துவரும், மெல்ல அசையும் சீனத் தற்காப்புக் கலையான தாய்ச்சியும், மூச்சோடு இணைந்த சீன உடற்பயிற்சியான சிகோங்கும் பழகும் வகுப்பு அடுத்த ஆண்டிலிருந்து பத்து வாரப் பயிற்சியாக மாற்றப்படும் என்றும், பத்து வாரம் முடிந்தபின் மீண்டும் முதலிலிருந்தே பாடம் தொடங்கும் என்றும், ஒன்றரை மணி நேரம் முக்கால் மணி நேரமாகக் குறையும் என்றும் அறிவிப்புப் பலகையில் படித்தேன். ஏழாண்டுகளாக அந்த வகுப்பில் பழகிவருகிறேன். அந்த உரிமையில், இம்முடிவை மறுபடியும் எண்ணிப் பார்க்குமாறு உங்களைக் கேட்டுக்கொள்கிறேன். சிங்கப்பூரின் மற்ற வட்டாரங்களிலும் இத்தகைய வகுப்புகள் உள்ளன என்பதால், பலரும் படிக்கும்படி இதைத் திறந்த மடலாகவே எழுதுகிறேன்.

எங்கள் சிஃபு, அதாவது ஆசிரியர், கற்றுத்தருவது, யாங் மரபின் நீண்ட அசைவு வரிசையை ஜெங் மான்ச்சிங் என்ற ஆசிரியர் சுருக்கி அமைத்த 37 நிலைகள் கொண்ட தாய்ச்சி. ஜெங்கின் மாணவர் ஹுவாங் சிங்சியான் 1950களில் தைவானிலிருந்து சிங்கப்பூருக்கு வந்து கற்பித்தார். அதனால் இந்த மரபு இந்த மண்ணிலும் வேர்விட்டது. ஹெனான் மாநிலத்துச் சென் குடும்பத்தாரின் கிராமத்தில், யாங் மரபைத் தொடங்கிய யாங் லூச்சான் கற்று, பெய்ஜிங்குக்குக் கொண்டுசென்ற கலையின் ஒரு கிளை இது. தாய்ச்சியை யுனெஸ்கோ 2020ஆம் ஆண்டில் மனிதகுலத்தின் அருவப் பண்பாட்டு மரபுகளின் பட்டியலில் சேர்த்தது. அந்தப் பெருமையைவிட, ஆசிரியரிடமிருந்து மாணவருக்குக் கைமாறி அது நம் கீழ்த்தளம்வரை வந்து சேர்ந்திருப்பதையே நான் பெரிதாக மதிக்கிறேன்.

முதல் பத்து வாரங்களில் நான் கற்றது நிற்பதற்கு மட்டுமே. சிகோங்கில் ஜான் ஜுவாங் என்னும் நிலை உண்டு: முழங்காலைச் சற்றே மடக்கி, ஒரு மரத்தை அணைத்ததுபோல் கைகளை வட்டமாக வைத்துக்கொண்டு அசையாமல் நிற்பது. ஐந்து நிமிடத்தில் என் தொடை நடுங்கியது. சிஃபு என் அருகில் வந்து தோளைத் தொட்டு, “சோங்” என்றார். மாண்டரின் தெரிந்த அக்கா ஒருவர் அதை ஆங்கிலத்தில் எனக்குச் சொன்னார். நான் என் பக்கத்தில் நின்ற பாட்டிக்குத் தமிழில், “தளர விடுங்கள்” என்றேன். பாட்டி உடம்பு முழுவதையும் தளர விட்டு, முதுகு கூனிப்போனார். அந்தச் சொல்லின் பொருள் எனக்கு உண்மையில் விளங்க இரண்டாண்டுகள் ஆயின. நம் வீட்டுச் சன்னலுக்கு வெளியே மூங்கில் கழியில் காயும் ஈரத்துணிபோலத் தோளும் கையும் தொங்க வேண்டும், ஆனால் கழி வளையக் கூடாது என்று இப்போது புதியவர்களுக்குச் சொல்கிறேன். அதே பாட்டி அதைக் கேட்டுத் தலையசைக்கிறார். மூன்று மொழிகளைக் கடந்து ஒரு சொல் இப்படி வந்து சேர்வதற்கு, பழையவர்களும் புதியவர்களும் ஒரே வரிசையில் நிற்க வேண்டும். பத்து வாரத்துக்கு ஒருமுறை பாடம் முதலிலிருந்தே தொடங்கினால் பழையவர்களுக்கு அங்கே வேலை இருக்காது.

குறுகிய காலத்தில் வரிசையை முடித்துக்காட்டும் அவசரம் உடலுக்கும் கேடு செய்யும். எடை முழுவதும் ஒரு காலில் இருக்கும்போது இடுப்பைத் திருப்பாமல் முழங்காலைத் திருப்பினால் மூட்டு வலிக்கும். முழங்கால் பாதத்தின் திசையிலேயே மடிய வேண்டும் என்பதை ஒவ்வொருவரின் காலையும் பார்த்துத்தான் திருத்த முடியும். முக்கால் மணி நேரத்தில், இருபது பேருக்கு, அறுபத்தெட்டு வயது ஆசிரியர் ஒருவர் அதை எப்படிச் செய்வார்? சிலம்பம் பழகிய என் தந்தை, காலடி வரிசை படியாதவன் கையில் கம்பைக் கொடுக்கக் கூடாது என்பார். இருவர் கைகளை ஒட்டவைத்து ஒருவர் விசையை மற்றவர் உணரும் தூய்ஷௌ பயிற்சிக்கு நாங்கள் வந்துசேர்ந்ததே மூன்றாம் ஆண்டில்தான். அது இல்லையேல் தாய்ச்சி தற்காப்புக் கலை என்னும் தன் பாதியை இழந்துவிடும்.

முதியோர் கீழே விழுவதைத் தடுக்கவே இவ்வகுப்பு என்று உங்கள் அறிவிப்பு சொல்கிறது. நல்ல நோக்கம். ஆனால் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில், விழும் ஆபத்துள்ள 670 முதியோரிடம் நடத்தி 2018இல் வெளியிடப்பட்ட ஆய்வில், தாய்ச்சி பழகியவர்கள் வாரத்துக்கு இருமுறை, ஒவ்வொரு முறையும் ஒரு மணி நேரம், 24 வாரங்கள் பயின்றனர். வெறும் நீட்டுப் பயிற்சி செய்தவர்களைவிட அவர்கள் விழுந்தது 58 விழுக்காடு குறைவு. அந்தப் பயனை எதிர்பார்ப்போர் அந்தக் கால அளவையும் ஏற்க வேண்டும்.

அதே அறிவிப்பில், சிகோங் நீரிழிவையும் இரத்த அழுத்தத்தையும் குணப்படுத்தும் என்ற வரியைத் தயவுசெய்து நீக்கிவிடுங்கள். 1980களிலும் 90களிலும் சீனாவில் சிகோங் மோகம் பரவியபோது இத்தகைய வாக்குறுதிகள் பெருகிப் பலரை ஏமாற்றின. பின்னர் 2003இல் சீன அரசின் விளையாட்டுத் துறை பாதுவான்ஜின் உள்ளிட்ட நான்கு சிகோங் பயிற்சி வரிசைகளை முறைப்படுத்தி வெளியிட்டது. எங்கள் சிஃபு எட்டு அசைவுகள் கொண்ட அந்தப் பாதுவான்ஜினைத்தான் வகுப்பின் தொடக்கத்தில் செய்யவைக்கிறார். மருந்தை நிறுத்துங்கள் என்று ஒருநாளும் சொன்னதில்லை, நிறுத்தப்போவதாகச் சொன்ன ஒருவரை மருத்துவரிடம் திருப்பி அனுப்பினார்.

பத்து வாரப் பயிற்சியே வேண்டாம் என்று நான் கேட்கவில்லை. புதியவர்களுக்கு அது நல்ல வாசல். அதை முடித்தவர்கள் வந்து சேர, ஆண்டு முழுவதும் நடக்கும் ஒன்றரை மணி நேர வகுப்பும் இருக்கட்டும். சேர்வோர் குறைந்தால் கட்டணத்தைச் சற்று உயர்த்துங்கள், நாங்கள் தருகிறோம். பழைய மாணவர் இருவர் மூவர் புதியவர்களின் கால்நிலையைத் திருத்தும் பொறுப்பை ஊதியமின்றி ஏற்க முன்வந்துள்ளோம். இறுதி முடிவுக்கு முன் சிஃபுவையும் அழைத்துக் கேளுங்கள். இதுவரை அவரை யாரும் கேட்கவில்லை.

குழுவினரில் யாரேனும் ஒரு செவ்வாய்க்கிழமை மாலை ஏழு மணிக்கு வந்து எங்களோடு ஐந்து நிமிடம் நின்று பார்க்குமாறும் வேண்டுகிறேன். வசதியான காலணி போதும்.

இப்படிக்கு,
செவ்வாய்க்கிழமை வகுப்பின் மாணவி ஒருத்தி