பொறுத்துக்கொள் என்று சொல்ல மாட்டேன்

கண்ணு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சௌக்கியம். அப்பாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. தடப்பள்ளி வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது, நாற்று விட்டிருக்கிறோம். மற்ற ஊர்க்கதையைப் போனில் பேசிக்கொள்ளலாம். போனில் பேச முடியாததற்குத்தான் இந்தக் கடிதம். நீ அழ ஆரம்பித்தால் எனக்கும் பேச்சு வருவதில்லை. பக்கத்தில் மாப்பிள்ளையோ பாப்பாவோ வந்துவிட்டால், "ஒண்ணுமில்லைம்மா, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிடுகிறாய்.

நீ விட்டுவிட்டுச் சொன்னதையெல்லாம் சேர்த்து யோசித்துப் பார்த்தேன். விடியற்காலை மூன்று மணிக்கு முழிப்பு வந்துவிடுகிறது, கழுத்தும் முதுகும் வேர்த்து நனைந்து கிடக்கிறது, அதற்கப்புறம் தூக்கம் இல்லை. காலையில் பாப்பா டிபன் பாக்ஸை மறந்தால் வீடு அதிரக் கத்துகிறாய், கொஞ்ச நேரத்தில் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுகிறாய். ஆபீசில் கூடவே வேலை செய்பவரின் பெயர் வாயில் வரவில்லை. மாதவிலக்கு ஒரு முறை சீக்கிரம் வந்துவிடுகிறது, அடுத்த முறை நாற்பது நாள் தாண்டியும் காணோம். வேலையை எழுதிக் கொடுத்துவிடலாமா என்று கேட்டாய். கடைசியில், "நான் கெட்டவளா மாறிட்டிருக்கேன்மா" என்றாய். மற்றதெல்லாம் கிராம நர்சாக இருந்த நான் எத்தனையோ பெண்களிடம் கேட்டதுதான். இந்தக் கடைசிப் பேச்சுதான் என் நெஞ்சில் நிற்கிறது.

நீ கெட்டவளாக மாறவில்லை. உனக்கு 44 வயது. மாதவிலக்கு நிற்பதற்கு முந்தைய காலம் இது, பெரிமெனோபாஸ் என்பார்கள். நம் நாட்டுப் பெண்களுக்குச் சராசரியாக 46, 47 வயதில் மாதவிலக்கு நின்றுவிடுகிறது. மேல்நாட்டுப் பெண்களுக்கு அது 51 வாக்கில். தொடர்ந்து 12 மாதம் வராமல் இருந்தால்தான் நின்றுவிட்டது என்று கணக்கு. அதற்கு முன்னால் இந்தத் தடுமாற்றக் காலம் சராசரியாக நான்கு வருடம் இருக்கும். சிலருக்குச் சில மாதத்தில் முடிந்துவிடும், சிலருக்கு எட்டு வருடம்கூட இழுக்கும்.

ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் மெல்ல மெல்லக் குறைந்துகொண்டே வரும் என்றுதான் நிறையப் பேர் நினைக்கிறார்கள். அப்படிச் சீராகக் குறைந்தால் உடம்பு ஓரளவு பழகிக்கொள்ளும். நடப்பது வேறு. வாய்க்கால் அடைக்கும் முன்னால் கடைமடைக்குத் தண்ணீர் வருவதைப் பார்த்திருக்கிறாயே, ஒரு நாள் வரப்பை உடைத்துக்கொண்டு வரும், மறுநாள் கால் நனையாது. அப்படித்தான் இப்போது உன் சினைப்பையும் ஈஸ்ட்ரோஜனைத் தாறுமாறாகச் சுரக்கிறது. மூளையில் மனநிலையைப் பார்த்துக்கொள்ளும் செரடோனின் அதோடு சேர்ந்து ஆடுகிறது. உடம்புச் சூட்டைச் சமன் செய்யும் பகுதியும் தடுமாறுகிறது, அதனால்தான் அந்த நடுராத்திரி வேர்வை. சில மாதம் கருமுட்டை வெளியாவதே இல்லை, அந்த மாதங்களில் புரோஜெஸ்டிரோன் என்ற இன்னொரு ஹார்மோனும் குறைந்துவிடும். மூளையை அமைதிப்படுத்துவதில் அதற்கும் பங்கு உண்டு. இத்தனைக்கும் மேல் தூக்கம் வேறு கெட்டால் எந்தப் பெண்ணால் சிரித்த முகமாக இருக்க முடியும்?

இன்னொன்றையும் நினைவுபடுத்துகிறேன். பாப்பா பிறந்து நீ இங்கே இருந்தபோது, ஊரெல்லாம் குழந்தையைப் பார்க்க வந்துகொண்டிருக்க, நீ சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டு அழுதாய். வாரக்கணக்கில் அப்படி இருந்தது. ஹார்மோன் ஏறி இறங்கும்போது சில பெண்களின் மனசு மற்றவர்களைவிட அதிகமாகப் பாதிக்கப்படும். பிள்ளை பெற்றபின் மனச்சோர்வு வந்தவர்களுக்கு இந்த வயதில் அது திரும்ப வரும் வாய்ப்பு கூடுதல். டாக்டரிடம் போகும்போது இதை முதலிலேயே சொல். அவர்களாகக் கேட்காமல் விட்டுவிடலாம்.

உன் அப்பத்தாவை நினைத்துப் பார்க்கிறேன். நான் கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்தபோதே அவர்களுக்குக் "கடுகடுப்புக்காரி" என்று பேர் விழுந்திருந்தது. முன்பெல்லாம் அப்படி இல்லை, நாற்பதைத் தாண்டிய பிறகு ஆள் மாறிவிட்டார்கள், இரண்டு மூன்று வருடம் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை என்று பெரியவர்கள் சொல்லித் தெரியும். ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை. அவர்களும் சொல்லவில்லை. அப்புறம் உடம்பு சரியாகி, மனசு இளகி, உங்களையெல்லாம் மடியில் போட்டு வளர்த்தார்கள். ஆனால் அந்தப் பேர் மட்டும் கடைசிவரை போகவில்லை. எனக்கு அந்த வயது வந்து ஒரு நாள் அவர்களிடம் வாய்விட்டுச் சொன்னபோது, "அதெல்லாம் அப்படித்தான் அம்மிணி, பொறுத்துக்கோ" என்றார்கள். அன்பாகத்தான் சொன்னார்கள். அவர்களுக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் அதுதான்.

அப்போது எனக்கு 46. நீ கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் இருந்தாய், உனக்கு எதுவும் தெரியாது. பாரியூர் குண்டத்து நோம்பிக்கு வீடு நிறைய ஒறம்பரை. நான் கட்டுத்தரைக்குப் போய் மாட்டுக்குப் பக்கத்தில் நின்று அழுதுகொண்டிருக்கிறேன். ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை, எதற்கு அழுகிறேன் என்று எனக்கே தெரியவில்லை. புதன்கிழமை தடுப்பூசி போடும் நாளில், நானே பிரசவம் பார்த்த பிள்ளைகளின் பெயர் மறந்துபோகும். நர்சாக இருந்தும் எனக்கு இது பிடிபட நாளாயிற்று. அதில் ஆச்சரியமில்லை. நாங்கள் வீடு வீடாகத் தூக்கிக்கொண்டு போன பதிவேட்டில் கர்ப்பிணிக்குப் பக்கம் இருந்தது, பிள்ளை பெற்றவளுக்கு இருந்தது. தகுதியுள்ள தம்பதியர் பதிவேடு என்று ஒன்று உண்டு, பிள்ளை பெறும் வயதில் மனைவி இருக்கும் தம்பதிகளை அதில் கணக்கு எடுப்போம். அதிலும் எத்தனை பிள்ளை, என்ன கருத்தடை முறை, ஆபரேஷன் ஆயிற்றா என்பதுதான் கேள்வி. உனக்குத் தூக்கம் வருகிறதா, மனசு எப்படி இருக்கிறது என்று நாற்பது வயதுப் பெண்ணைக் கேட்க ஒரு கட்டம்கூடக் கிடையாது.

கடைசியில் ஈரோட்டில் ஒரு லேடி டாக்டரிடம் போனேன். ரத்தம் எடுத்துப் பார்த்தால் ஹீமோகுளோபின் 8. மாதாமாதம் அளவுக்கு மீறிப் போனதில் ரத்தம் வற்றிக் கிடந்தது. ஊரிலுள்ள கர்ப்பிணிகளுக்கெல்லாம் இரும்புச்சத்து மாத்திரை கொடுத்த நான், அதே மாத்திரையைப் போட ஆரம்பித்தேன். அதிலேயே பாதிக் களைப்பு போயிற்று. மிச்சத்துக்கு மனச்சோர்வு மாத்திரை குறைந்த அளவில் சில மாதம் கொடுத்தார்கள். தூக்கம் திரும்பியது, தூக்கத்தோடு நானும் திரும்பினேன். உன் அப்பாவைத் தவிர வேறு யாருக்கும் இது தெரியாது. வெட்கப்பட்டு மறைக்கவில்லை, கேட்கத்தான் ஆள் இல்லை. இப்போது உனக்குச் சொல்லிவிட்டேன்.

ஹார்மோனையே மருந்தாகக் கொடுக்கும் ஹார்மோன் சிகிச்சை என்ற பேச்சையே அந்த டாக்டர் எடுக்கவில்லை. காரணம் உண்டு. 2002-ல் அமெரிக்காவில் ஒரு பெரிய ஆய்வைப் பாதியில் நிறுத்தினார்கள். ஹார்மோன் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு மார்பகப் புற்றுநோயும் பக்கவாதமும் கூடுகிறது என்று செய்தி வந்தது, உலகம் முழுக்க டாக்டர்கள் பயந்துபோனார்கள். அந்த ஆய்வில் இருந்த பெண்களின் சராசரி வயது 63 என்பதை அப்போது யாரும் பெரிதாகப் பேசவில்லை. பிற்பாடு வயதைப் பிரித்துப் பார்த்தபோது, 60 வயதுக்குள், அல்லது மாதவிலக்கு நின்று பத்து வருடத்துக்குள் ஆரம்பிக்கும் பெரும்பாலான பெண்களுக்கு ஆபத்தைவிடப் பலன்தான் அதிகம் என்று தெளிவாயிற்று. இப்போது தோலில் தடவும் ஜெல்லாகவும் ஈஸ்ட்ரோஜன் கிடைக்கிறது, அதில் ரத்தம் உறையும் பயம் குறைவு. கர்ப்பப்பை இருப்பவர்கள் புரோஜெஸ்டிரோனும் சேர்த்துத்தான் எடுக்க வேண்டும். மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள், காலில் ரத்தம் உறைந்து அடைப்பு வந்தவர்கள், கல்லீரல் கோளாறு உள்ளவர்கள், காரணம் தெரியாமல் ரத்தப்போக்கு இருப்பவர்கள், இவர்களுக்கெல்லாம் சாதாரணமாக இது ஆகாது. உன் சின்னம்மாவுக்கு மார்பில் எடுத்தது சாதாரணக் கட்டிதான், ஆனாலும் அதையும் டாக்டரிடம் சொல்லிவிடு. எடுப்பதா வேண்டாமா என்பதை நீயும் டாக்டரும் பேசி முடிவு செய்யுங்கள். பக்கத்து வீட்டிலும் வாட்ஸ்அப்பிலும் வருவதைக் கேட்டு முடிவு செய்யாதே.

கர்ப்பப்பையை எடுத்துவிட்டால் எல்லாம் தீர்ந்தது என்று யாராவது சொன்னால் மட்டும், எனக்கு ஒரு போன் செய்யாமல் தலையை ஆட்டாதே. நம் பக்கம் இது சர்வசாதாரணமாகிவிட்டது. காங்கேயம் பக்கம் நம் ஒறம்பரையில் ஒரு பெண்ணுக்கு, நாற்பது வயது ஆவதற்கு முன்பே கர்ப்பப்பையோடு சேர்த்து இரண்டு சினைப்பையையும் எடுத்துவிட்டார்கள். அவளிடம் விவரமாக யாரும் சொல்லவில்லை. மற்றவர்களுக்கு வருடக்கணக்கில் நடப்பது அவளுக்கு ஒரே நாளில் நடந்தது. உடம்பெல்லாம் தீயாக எரிகிறது என்பாள், உட்கார்ந்த இடத்தில் அழுவாள். வீட்டில் பேய் பிடித்துவிட்டது என்று மந்திரிக்க அழைத்துப் போனார்கள். அவளைப் பார்த்த பிறகுதான் எனக்கு ஆத்திரம் வந்தது. இவ்வளவு பெரிய விஷயத்தை ஒரு பெண்ணிடம் சொல்லாமல் செய்யலாமா? புற்றுநோயோ, வேறு வழியில்லாத பெரிய கட்டியோ இருந்தால் எடுக்கத்தான் வேண்டும். மனசு சரியில்லை என்பதற்கு அது வைத்தியம் ஆகாது.

சரி, நீ செய்ய வேண்டியதற்கு வருகிறேன். ஒரு சின்ன நோட்டில் மாதவிலக்குத் தேதி, எவ்வளவு போகிறது, எத்தனை மணிக்கு முழிப்பு வந்தது, அன்றைக்கு மனசு எப்படி இருந்தது என்று எழுதிக்கொண்டு வா. நாலு வரி போதும். மகப்பேறு டாக்டரிடம் அந்த நோட்டைக் காட்டு. தைராய்டு, ஹீமோகுளோபின், வைட்டமின் பி12 பார்க்கச் சொல், ஏனென்றால் தைராய்டும் ரத்தசோகையும் இதே மாதிரிதான் ஆளை ஆட்டிவைக்கும். ஹார்மோன் பரிசோதனையில் எல்லாம் சரியாக இருக்கிறது என்று வந்தால் மனம் தளராதே. இந்தக் காலத்தில் அந்த அளவு நாளுக்கு நாள் மாறும், ஒரு நாள் எடுத்த ரத்தத்தை வைத்து எதுவும் சொல்ல முடியாது. சிபிடி என்று ஒரு பேச்சு சிகிச்சை இருக்கிறது. தூக்கத்துக்கும் இந்த வேர்வைக்கும் மனக்கலக்கத்துக்கும் அது கைகொடுக்கிறது. இன்னொன்று, நின்றுபோகும் காலம்தானே என்று அசட்டையாக இருக்காதே, கர்ப்பம் தரிக்க இன்னும் வாய்ப்பு உண்டு. சாயங்காலத்துக்கு மேல் காபி வேண்டாம். நடப்பதை நிறுத்தாதே. ராகிக் களி உனக்குப் பிடிக்காது, தெரியும், தோசையாகவாவது ஊற்றிச் சாப்பிடு. எலும்பு தேய ஆரம்பிக்கும் வயது இது.

தூங்காத ராத்திரிக்கு அடுத்த நாள் ராஜினாமாக் கடிதம் எழுதாதே. வேலையை விடுவது தப்பு என்று நான் சொல்லவில்லை. நன்றாகத் தூங்க ஆரம்பித்து ஒரு மாதம் போகட்டும், அப்போதும் விட வேண்டும் என்று தோன்றினால் விடு, நாங்கள் கூட இருக்கிறோம்.

ஒன்றை நேராகவே கேட்கிறேன். செத்துப்போனால் தேவலை என்று எப்போதாவது தோன்றுகிறதா? தோன்றினால் மறைக்காதே, எந்த நேரமானாலும் எனக்குப் போன் செய். 14416 என்று டெலி மானஸ் எண் இருக்கிறது, அரசாங்கத்தின் மனநல உதவி எண், ராத்திரி பகல் எந்நேரமும் எடுப்பார்கள், தமிழிலும் பேசலாம், காசு கிடையாது. நிம்ஹான்ஸ் மனநல ஆஸ்பத்திரி நீ இருக்கும் பெங்களூரிலேயே இருக்கிறது. அங்கே போவதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை.

இந்தக் கடிதத்தை மாப்பிள்ளைக்குப் படிக்கக் கொடு. அவர் நல்லவர், என்ன செய்வது என்று தெரியாமல் ஒதுங்கி ஒதுங்கிப் போகிறார், அதை நீ கோபம் என்று எடுத்துக்கொள்கிறாய். காலைச் சமையலையும் பாப்பாவைப் பள்ளிக்கு அனுப்புவதையும் கொஞ்ச நாள் அவரே பார்த்துக்கொள்ளட்டும். விடியற்காலைத் தூக்கம் கொஞ்சமாவது உனக்குக் கிடைக்கும். டாக்டரிடம் அவரும் கூட வரட்டும். நீ விட்டுவிட்டதை அவர் சொல்வார்.

பாப்பாவுக்கும் சொல். அவளுக்கு 13 வயது, அவள் உடம்பிலும் ஹார்மோன் இப்போதுதான் ஆட ஆரம்பித்திருக்கிறது. ஒரே வீட்டில் ஒருத்திக்கு ஆரம்பம், ஒருத்திக்கு முடிவு, இரண்டு பேரும் முட்டிக்கொள்ளாமல் இருப்பது கஷ்டம்தான். அம்மாவுக்கு என்மேல் பிடிப்பு இல்லை என்று அந்தக் குழந்தை நினைத்துவிடக்கூடாது. அம்மாவுக்கு உடம்பில் இப்படி நடக்கிறது, வைத்தியம் பார்க்கிறேன் என்று அவளிடம் சொன்னால் போதும், புரிந்துகொள்வாள். நீ அவள் வயதில் எத்தனையோ புரிந்துகொண்டவள்தான்.

டாக்டரிடம் நேரம் வாங்கியதும் தேதியைச் சொல். அதற்கு முந்தின ராத்திரி ஈரோட்டில் ரயில் ஏறினால் விடிய அங்கே இருப்பேன். அப்பா நாற்று வேலையைப் பார்த்துக்கொள்வார், அவரிடம் பேசிவிட்டேன். அரைத்த கொள்ளுப்பொடியும் நிலக்கடலையும் கொண்டுவருகிறேன், வேறு ஏதாவது வேண்டுமென்றால் சொல்.

அன்புடன்,
அம்மா