ஸ்பிரிங்கில் மட்டும் கை வையாதே

ஸ்காபரோ
5 ஒக்ரோபர் 2025, ஞாயிறு

அன்பு மகளுக்கு,

நேற்று வீடியோவில் புது வீட்டைச் சுற்றிக் காட்டினாய். அம்மா குசினி அலுமாரிகளைப் பார்த்துக்கொண்டிருந்தா. நான் கராஜைப் பார்த்தேன். பின் ஒழுங்கைப் பக்கம் தனியாக நிற்கிற கராஜ், இரண்டு கார் அகலத்துக்கு ஒற்றைக் கதவு. அதன் அடி ரப்பர் ஒரு மூலையில் கழன்று நாக்கை நீட்டிக்கொண்டு கிடக்கிறது. போனில் சொன்னால் "ஓம் அப்பா, ஓம் அப்பா" என்பாய், வைத்தவுடன் மறந்துவிடுவாய். அதுதான் எழுதுகிறேன். மருமகனுக்கும் வாசித்துக் காட்டு.

உனக்கு ஆஸ்பத்திரியில் காலை ஏழு மணிக்கு வேலை. எட்மன்ரனில் ஜனவரி மாதம் ஆறு மணிக்குக் கும்மிருட்டு, மைனஸ் 30. போன வருஷம் ஜனவரி 13 இரவு, மின்சாரத்தைக் குறைத்துப் பாவியுங்கள் என்று அல்பேர்ட்டா முழுக்கப் போன்கள் அலறினதே, அந்தக் கிழமை நினைவிருக்கும். அப்போது நீ அப்பார்ட்மென்டில் இருந்தாய், கார் நிலக்கீழ்த் தரிப்பிடத்தில் நின்றது. இந்த வருஷம் உனக்கும் காருக்கும் நடுவில் ஒரு கதவு இருக்கிறது. அது திறக்காவிட்டால் வேலை இல்லை. முதல் கடுங்குளிர் விழுகிற காலையில் கதவு திருத்துகிறவர்களின் போன் ஓயாது, உன்னுடைய முறை வர இரண்டு நாளாகலாம். ஆகவே தாங்ஸ்கிவிங் நீண்ட வார இறுதிக்குள் வேலையை முடி. கிறீஸ் இளகி இருக்கவேண்டும், கையுறை இல்லாமல் விரல் வேலை செய்யவேண்டும். அதற்கு இந்த மாதம்தான்.

முதலில் கதவை மூடிவிட்டு, பகலில் உள்ளே நின்று லைட்டை அணைத்துப் பார். வெளிச்சம் கசிகிற இடமெல்லாம் குளிரும் எலியும் வருகிற இடம். இரண்டு பக்கமும் மேலேயும் ஓடுகிற பட்டி வெடித்திருந்தால் மாற்றலாம், அது சின்ன வேலை. பெரிய வில்லங்கம் அடி ரப்பர்.

22 வருஷம் பிளாஸ்ரிக் தொழிற்சாலையில் நின்றவன் என்ற உரிமையில் சொல்கிறேன். கடையில் மலிவாகக் கிடைக்கிறது வைனல். தொட்டால் மெத்தென்று இருக்கும், குளிர் பட்டவுடன் மட்டை போல விறைத்துவிடும். விறைத்த பட்டி சீமெந்து மேடு பள்ளத்தில் படியாது. ஈபிடிஎம் என்று எழுதியிருக்கிற ரப்பரைக் கேட்டு வாங்கு, மைனஸ் 40 இலும் வளையும். பழையதை உருவி எடுத்தால் அடியில் ஒரு அலுமினியத் தவாளிப்பு இருக்கும். அதை வடிவாகத் துடைத்து, சவர்க்காரத் தண்ணீர் தடவி, ஒருவர் தள்ள ஒருவர் இழுக்கப் புது ரப்பர் வழுக்கிக்கொண்டு போகும். தண்ணீர் தடவாமல் இழுத்தால் நடுவழியில் நின்று சண்டை பிடிக்கும். நானும் அம்மாவும் இந்த வேலை செய்த நாளில் கதவு அமைதியாக நின்றது, நாங்கள்தான் கத்தினோம்.

ரப்பர் போட்ட பிறகு அதன் அடியில் சிலிக்கன் ஸ்பிரே அடித்துத் துணியால் பரப்பிவிடு. காரில் ஒட்டி வருகிற பனி கராஜுக்குள் உருகும், தண்ணீர் சரிவில் ஓடிக் கதவடியில் நிற்கும், விடியமுன்னர் அது ரப்பரையும் சீமெந்தையும் ஒன்றாக ஒட்டிவிடும். சிலிக்கன் இருந்தால் பிடி தளரும். இன்னும் நல்லது, இரவு கார் விட்ட கையோடு தண்ணீரை ஒரு ரப்பர்த் தும்புத்தடியால் வெளியே தள்ளிவிடுவது. உப்பை நம்பாதே. சாதாரண கல்லுப்பு மைனஸ் 10க்குக் கீழே அவ்வளவாகக் கேட்காது. கல்சியம் குளோரைட் கேட்கும், ஆனால் அது சீமெந்தையும் கதவின் அடி மூலையில் கொழுவியிருக்கிற கம்பி வடத்தையும் தின்னும். வடத்தில் கறள் கண்டால் ஆளைக் கூப்பிடு.

அப்படியும் ஒட்டிக்கொண்டால் பட்டனைத் திரும்பத் திரும்ப அமத்தாதே. நான் அமத்தினேன். நீ பத்தாம் வகுப்பில் இருந்த வருஷம், உன்னைப் பள்ளிக்கூடத்தில் இறக்கவேண்டிய அவசரம். மோட்டர் முனகினது, சங்கிலி துடித்தது, கதவு அசையவில்லை. ஆறாம் தரம் அமத்தியபோது முனகல் நின்று வழவழவென்று சும்மா சுற்றுகிற சத்தம் வந்தது. மூடியைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே பல்லுச் சக்கரம் அரைபட்டு, தேங்காய்ப்பூ போல வெள்ளைத் துகள் கொட்டிக் கிடக்கிறது. நைலோன் சக்கரம். வாழ்நாள் முழுக்க நைலோன் வார்த்த மனிசன், ஒரு நைலோன் சக்கரத்தை ஆறு நிமிஷத்தில் கொன்றேன். நீ அன்றைக்கு பஸ்ஸில் போனாய். ஒட்டின கதவுக்குத் தலைமயிர் உலர்த்துகிற மெஷினைப் பிடி, அல்லது பிளாஸ்ரிக் சுரண்டியால் மெல்லமெல்லப் பனிக்கட்டியைப் பெயர். கொதிநீர் ஊற்றினால் அடுத்த பத்து நிமிஷத்தில் அதுவும் கட்டியாகி, முந்தியதைவிடக் கெட்டியாகப் பிடிக்கும்.

இனி எண்ணெய். ஊரில் எங்கள் வீட்டுத் தகரப் படலை கிறீச்சிட்டால் உன்ரை அப்பப்பா தேங்காய் எண்ணெய் நாலு சொட்டு விடுவார், ஒரு மாதத்துக்குச் சத்தமில்லை. 1995 நவம்பரில் எங்கள் முதல் வீட்டுக் கராஜ் கதவு கிறீச்சிட்டபோது அம்மா அந்த ஞாபகத்தில் போத்தலோடு வந்தா. நானும் தடுக்கவில்லை. தேங்காய் எண்ணெய் 24 பாகையிலேயே உறைகிற சாமான், நாங்கள் அதை மைனஸ் 8 இல் கீல்களுக்குப் பூசினோம். அடுத்த நாள் றோலர் ஒவ்வொன்றிலும் மெழுகுதிரி உருகின மாதிரி வெள்ளைக் கட்டி. கதவு பாதியில் நின்றது.

ஆகவே கராஜ் கதவுக்கென்றே வருகிற சிலிக்கன் ஸ்பிரே, இல்லாவிட்டால் வெள்ளை லிதியம் கிறீஸ் ஸ்பிரே, ஒரு டின் வாங்கு. எல்லாருடைய வீட்டிலும் இருக்கிற டபிள்யூடி-40 வேண்டாம். அது தண்ணீரை விலக்கவும் இறுகினதைக் கழற்றவும் வந்தது, பெயரே தண்ணீர் விலக்கும் கலவையின் 40 ஆவது முயற்சி என்றுதான் அர்த்தம். பழைய ஊத்தைக் கிறீஸைக் கழுவ நல்லது, மசகாக நின்று பிடிக்காது. கீல்கள் மடிகிற இடம், றோலரின் நடு அச்சு, மேலே ஸ்பிரிங்கின் நீளம் முழுக்க ஒரு மெல்லிய பூச்சு, இவ்வளவும் போதும். ஸ்பிரிங்குக்குத் தூர நின்று ஸ்பிரே அடி, அடித்தவுடன் விலகு. றோலர் ஓடுகிற தண்டவாளத்துக்கு ஒன்றும் பூசாதே, துணியால் துடைத்து விடு. அதில் கிறீஸ் பூசினால் தூசியும் மணலும் ஒட்டிக் குளிரில் பசையாகிவிடும்.

இப்போது தலைப்பில் எழுதின விஷயம். மருமகன் எதையும் வீடியோ பார்த்துத் தானே செய்கிற ஆள், அது நல்ல குணம். இந்த ஒன்றில் மட்டும் வேண்டாம் என்று சொல்லு. அந்தக் கதவு 150 இறாத்தல் அளவில் பாரம் இருக்கும். அதை மோட்டர் தூக்குவதாக நினைக்காதையுங்கோ. தூக்குவது கதவுக்கு மேலே கிடக்கிற ஸ்பிரிங். மோட்டர் ஒரு தள்ளுத் தள்ளுகிறது, அவ்வளவுதான். கதவு மூடியிருக்கும்போதுதான் ஸ்பிரிங் முழுக்க முறுகியிருக்கும், அந்த இழுவை முழுக்க வடம் வழியாக அடி மூலைத் தகடுகளில் நிற்கும். அந்தத் தகட்டின் ஸ்குறூவையோ மேலே ஸ்பிரிங்கின் ஸ்குறூவையோ தளர்த்தினால் கை போகும், சிலவேளை கண்ணும். சாதாரண ஸ்பிரிங் 10,000 தரம் ஏறி இறங்கத்தான் கணக்கு. நாளுக்கு நாலு தரம் என்றால் ஏழு வருஷம் வராது. உங்கள் கதவின் வயது தெரியாது என்றாய், ஆகவே முதிர்ந்தது என்றே எடுத்துக்கொள்ளுங்கோ.

ஸ்பிரிங் அறுவது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். உனக்குத் தெரிந்திருக்கும், ஆனால் ஞாபகமிராது. 1996 பெப்ரவரி, நடுச்சாமம். தேங்காய் எண்ணெய் பூசின அதே வீடு, கராஜுக்கு மேலேதான் எங்கள் படுக்கையறை. யாழ்ப்பாணத்தில் இருந்து சனமெல்லாம் இடம்பெயர்ந்து நாலு மாதம்தான், எங்கள் ஆட்கள் யார் எங்கே என்று தெரியாமல் இருந்த நேரம். கீழே ஒரு வெடி. கட்டில் அதிர்ந்தது. நான் கண் முழித்தபோது தரையில் குப்புறக் கிடந்தேன். மூன்று வயதுப் பிள்ளை உன்னை அம்மா கட்டிலுக்குக் கீழே இழுத்து, உன் இரண்டு காதையும் பொத்திக்கொண்டிருந்தா. இரண்டாவது வெடிக்காகக் காத்திருந்தோம். வரவில்லை. வீட்டைச் சூடாக்குகிற ஃபேர்னஸ் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. அப்போதுதான் கனடா என்று விளங்கினது. கீழே போய்ப் பார்த்தால் ஸ்பிரிங்கின் நடுவில் இரண்டு அங்குல இடைவெளி, வேறொன்றுமில்லை. குளிரில் இறுகின பழைய இரும்பு, அவ்வளவுதான். அம்மா விடியும்வரை லைட்டை அணைக்க விடவில்லை.

இப்படி இடைவெளி கண்டால் பட்டனை அமத்தாமல் ஆளைக் கூப்பிடு. முன்கூட்டிப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. கதவை மூடி, மோட்டருக்குப் பக்கத்தில் தொங்குகிற சிவப்புக் கயிற்றை இழு. இனிக் கதவு கைக்கு வரும். இரண்டு பேருமாக இடுப்பளவுக்குத் தூக்கி, மெல்லப் பிடியைத் தளர்த்திப் பாருங்கோ. அந்த இடத்திலேயே நின்றால் ஸ்பிரிங் சரி. சரிந்து இறங்கினால் பனி விழ முன்னர் மாற்ற ஆளைக் கூப்பிட வேண்டியதுதான். கதவு திறந்திருக்கும்போது அந்தக் கயிற்றை இழுக்கவே கூடாது, ஸ்பிரிங் பலவீனமென்றால் கதவு அப்படியே விழும்.

அந்தச் சிவப்புக் கயிறு எதற்கென்று 2013 வரை எனக்கே தெரியாது. நத்தாருக்கு முதல் ரொறன்ரோவில் உறைமழை பெய்ததே, மூன்று லட்சம் இணைப்புகளுக்கு மின்சாரம் போனதே, அப்போது எங்கள் கார் இரண்டு நாள் உள்ளே சிறை. நீ பஸ்ஸில் இருந்து இறங்கிப் பனியில் சறுக்கிச் சறுக்கி வீடு வந்தாய். கடைசியில் பக்கத்து வீட்டுப் பெடியன் வந்து கயிற்றை இழுத்து, ஒரு கையால் கதவைத் தூக்கிவிட்டுச் சிரிக்காமல் போனான். சிரித்திருக்கலாம்.

மிச்சமெல்லாம் சில்லறை. கதவுக்குக் கீழே ஏதும் குறுக்கிட்டால் கண்டு கதவைத் திருப்புகிற சென்சர் கண்கள், தரையில் இருந்து ஆறு அங்குலத்துக்குள் இரண்டு பக்கமும் இருக்கும், அவற்றைத் துணியால் துடை, பனித்துகள் படிந்தால் கதவு பாதியில் திரும்பிப் போகும். இந்த மாதிரி ஒரு பாதுகாப்பு கட்டாயம் என்று அமெரிக்காவில் 1993 இல் சட்டம் வந்தது, அது குழந்தைகள் நசிந்து செத்ததால் வந்த சட்டம். ஆகவே தொந்தரவு என்று கழற்ற நினைக்காதே. இரண்டுக்கு நாலு அங்குலப் பலகை ஒன்றைக் கதவடியில் படுக்கையாக வைத்து மூடிப் பார், தட்டினவுடன் திரும்ப ஏறவேண்டும். வெளியே இலக்கம் அமத்துகிற பெட்டிக்கும் ரிமோட்டுக்கும் லிதியம் பற்றறி போடு, சாதாரண அல்கலைன் குளிரில் படுத்துவிடும். கதவுக்கு உள்ளே ஃபோம் மட்டை ஒட்டுவது பற்றி மருமகன் கேட்டார். இந்த வருஷம் வேண்டாம். சூடாக்காத தனிக் கராஜில் அதனால் வருகிற பலன் கொஞ்சம், மட்டைப் பாரம் கூடினால் ஸ்பிரிங்கின் கணக்குப் பிழைக்கும். காரைச் சூடாக்குவதென்றால் வெளியே எடுத்துவிட்டுச் சூடாக்கு. கதவு திறந்துதானே இருக்கிறது என்று உள்ளே எஞ்சினை ஓட விடாதே, தாதியான உனக்குக் கார்பன் மொனொக்சைட்டைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை.

இன்றைக்கே செய்யவேண்டியது ஒன்றுதான். அடி ரப்பரின் வெட்டுமுகத்தைக் கிட்டப் பிடித்து, அளவுகோலும் தெரிகிற மாதிரிப் படமெடுத்து அனுப்பு. கொழுவுகிற நுனி ஆங்கில ரி எழுத்து மாதிரியா, குண்டு மணி மாதிரியா என்று பார்க்கவேண்டும், மாறி வாங்கினால் தவாளிப்புக்குள் போகாது. கதவின் அகலத்தையும் அள. இங்கே எனக்குத் தெரிந்த கடையில் அரை அடி கூட வைத்து வெட்டுவித்துத் தபாலில் போட்டுவிடுகிறேன்.

அன்புடன்
அப்பா

பி.கு.: அம்மா இதை வாசித்துவிட்டு, தேங்காய் எண்ணெய்ப் போத்தலைக் கொண்டுவந்தது தான் இல்லை, நான்தான் கேட்டு வாங்கினேன் என்கிறா. முப்பது வருஷமாகிவிட்டது. நீ யாரை நம்புகிறாய் என்பதைப் படத்தோடு சேர்த்து அனுப்பு.