சூரியன் நான் போட்டது

திருப்பூர்

அன்புள்ள கண்ணு,

நேற்று ராத்திரி நீ போனில் சொன்னதை அம்மாவிடம் சொன்னேன். "அதிருக்கட்டும், சாப்பிட்டாளாமா?" என்று கேட்டுவிட்டுப் படுத்துவிட்டாள். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. அந்தப் பிரெஞ்சு ஓவியர் மில்லே 1850-ல் வரைந்த 'விதைப்பவன்' முன்னால், பாஸ்டன் மியூசியத்தில், அரை மணி நேரம் நின்றேன் என்றாய். மூன்றடிச் சொச்சம் உயரம்தான் என்றாய். அப்புறம் சிரித்துக்கொண்டே, "இதுல சூரியனே இல்லீங்கப்பா" என்றாய். அந்தச் சிரிப்புக்குப் போனில் பதில் சொல்ல வாய் வரவில்லை. அதனால்தான் கடிதம்.

ஒன்பதாவது படிக்கும்போது நீ வரைந்தது வான்கோவின் விதைப்பவன், மில்லேயின் ஆளை மனசில் வைத்து 1888-ல் அவர் சூரியனோடு போட்டது. டிராயிங் டீச்சர் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கலர் பிரிண்ட் கொடுத்திருந்தார். அதன்மேல் அரை அங்குலக் கட்டம், சார்ட்டில் மூன்று அங்குலக் கட்டம். ஒரு வாரம் திண்ணையை விட்டு நீ எழவில்லை. "எவனோ போட்டதைப் பார்த்துப் போடறதுக்கு மார்க்கா?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. பனியன் பிரிண்டிங் பட்டறையில் அடுத்தவன் டிசைனைக் கலர் கலராகப் பிரித்து ஸ்கிரீன் போட்டுத்தானே உனக்கு ஃபீஸ் கட்டினேன்.

அப்பாரு வந்து பார்த்தது ஞாபகம் இருக்கிறதா? கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, "ஏஞ்சாமி, பொழுதோட எவனாச்சும் வெதைப்பானா?" என்றார். அடுத்து காலைப் பார்த்தார். "இவன் வெதைக்கல, சும்மா நடந்து போறான்." உள்ளே போய்ப் படியில் ராகியை அள்ளி வேட்டி மடியில் கட்டிக்கொண்டு வந்து வாசலில் நடந்து காட்டினார். ஒரு எட்டுக்குக் கை மடிக்குள் போகும், அடுத்த எட்டுக்கு வீச்சு. கையும் காலும் ஒரு தாளத்தில். சோளத்தட்டுக்கு விதைத்து விதைத்து வந்த நடை. கோழிகளுக்குக் கொண்டாட்டம், ஆத்தா திட்டிய திட்டு தெருமுனை வரை கேட்டது. நீ எதுவும் பேசாமல் இரண்டு காலையும் அழித்துவிட்டு மறுபடி போட்டாய். பிரிண்டை எடுத்து வைத்துப் பார்த்தால், முதலில் நீ போட்டதுதான் தப்பாக இருந்தது. கட்டத்துக்குள் கோட்டைப் பார்த்திருக்கிறாய், ஆள் நடப்பதைப் பார்க்கவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

கொடுக்க வேண்டிய நாளுக்கு முந்தின ராத்திரி நைட் ஷிஃப்ட் முடிந்து வந்தேன். நீ சார்ட் பக்கத்திலேயே தூங்கிப்போயிருந்தாய். வயல், ஆள், வானம் எல்லாம் ஜோர். சூரியன் மட்டும் சேறாகக் கிடந்தது. ஊதா தொட்ட பிரஷ்ஷைச் சரியாகக் கழுவாமல் மஞ்சளில் விட்டிருந்தாய். என் கண் ஷேடு பார்த்தே பழகின கண், பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. பட்டறைக்குத் திரும்பிப் போய் ஒரு டப்பாவில் பிக்மென்ட் கொண்டுவந்தேன். முதலில் வெள்ளை ஒரு கோட், காய்ந்ததும் கோல்டன் எல்லோ. மணி மூன்று.

கண்காட்சியில் எல்லோரும் அந்தச் சூரியனைத்தான் பாராட்டினார்கள். நீ வீட்டுக்கு வந்து சார்ட்டை பீரோவுக்குப் பின்னால் சொருகினாய். அதன் பிறகு பிரஷ்ஷை நீ தொட்டு நான் பார்க்கவில்லை. உனக்குத் தெரிந்துவிட்டது என்று எனக்குத் தெரியும். நீ கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

நேற்று நீ சொன்னாயே, வான்கோ ஆஸ்பத்திரியில் இருந்தபோது மில்லே படங்களை ஏறக்குறைய இருபது போட்டார், கறுப்பு வெள்ளைப் பிரிண்டைப் பார்த்து, கலர் எல்லாம் தானாகவே வைத்து என்று. பீத்தோவனை ஒருவர் வாசிக்கும்போது தன் பாணியும் அதில் சேருமே, அது மாதிரிதான் இது என்று தம்பிக்கு எழுதினாராமே. எங்கள் பட்டறையில் அப்படி ஒரு ஷேடு மாற்றினால் பையர் மொத்தச் சரக்கையும் திருப்பிவிடுவான். ஆனால் அவர் செய்ததும் நான் செய்ததும் ஒன்று என்று தப்பிக்கப் பார்க்கவில்லை. அவர் தன் படத்தில் போட்டார். நான் உன் படத்தில் போட்டேன்.

காலையில் பீரோவை நகர்த்தி எடுத்துப் பார்த்தேன். ஒரு மூலையைக் கரையான் தின்றிருக்கிறது. உன் ஊதா வெளிறிப் பழைய சேலை மாதிரி ஆகிவிட்டது. சூரியன் மட்டும் அப்படியே மின்னுகிறது, பைண்டர் போட்ட கலர் லேசில் போகாது. அதன்மேல் உன் மஞ்சளையே மறுபடி பூச வேண்டும் என்றால் சொல், வெள்ளை கோட் அடித்து வைக்கிறேன். தைக்கு வரும்போது பிரஷ்ஷை மட்டும் கழுவி எடுத்துக்கொண்டு வா.

அப்பா