‘வேண்டும்’ என்று பிரெஞ்சில் எப்படிச் சொல்வது?

காரைக்கால்,
ஞாயிறு காலை

அன்பு மகளுக்கு,

நேற்று நீ போனில் சொன்னது ராத்திரி முழுக்க மனசில் ஓடிக்கொண்டிருந்தது. லியோனில் ரொட்டிக் கடைக்குப் போய் "ழெ வே யுன் பகெத்" என்று கேட்டாய், கடைக்கார அம்மாவின் முகம் சுண்டிப்போனது, நம் நிறத்தைப் பார்த்துத்தான் அப்படியோ என்று கலங்கினாய். அப்படிப்பட்டவர்களும் அங்கே உண்டு, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் இந்த முறை காரணம் அந்த "வே" ஆக இருக்கலாம் அம்மாடி. அது அவர்கள் காதில் "எனக்கு வேணும், கொடு" என்று விழும். அடுத்த தடவை முதலில் "பொன்ழூர் மதாம்" சொல். அவர் பதிலுக்குச் சொல்லும் வரை பொறு. அப்புறம் "ழெ வுத்ரே யுன் பகெத், சில் வூ ப்ளே" என்று கேள். வே, வுத்ரே இரண்டும் வுல்வார் என்ற ஒரே வினைச்சொல்தான். இரண்டாவது, ‘கிடைத்தால் நல்லது’ என்று பணிந்து வருகிறது.

உனக்கு வரும் சிக்கல் எனக்கும் வந்ததுதான். நாம் தமிழில் "காபி வேண்டும்" என்கிறோம், "வேலைக்குப் போக வேண்டும்" என்கிறோம், "கடைக்காரருக்கு இருபது ரூபாய் தர வேண்டும்" என்கிறோம், "அவன் இந்நேரம் வீட்டுக்குப் போயிருக்க வேண்டும்" என்கிறோம். எல்லாவற்றுக்கும் ஒரே சொல். பிரெஞ்சில் ஆசைக்கு வுல்வார். கடமைக்கும் கடனுக்கும் ஊகத்துக்கும் தெவ்வார். "ழெ துவா பர்த்திர்" என்றால் நான் கிளம்ப வேண்டும். கடையில் "ழெ வூ துவா கோம்பியான்?" என்றால் எவ்வளவு தர வேண்டும். ஒருவர் வேலைக்கு வரவில்லை என்றால் "இல் துவா எத்ர் மலாத்", உடம்பு சரியில்லாமல் இருக்க வேண்டும். கடமை, கடன், ஊகம் மூன்றும் நம்மைப் போலவே அவர்களுக்கும் ஒரே சொல்லில் அடங்குவது எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம்தான்.

மூன்றாவது, தேவைக்கு ஃபல்வார். இதற்கு ஆள் கிடையாது. நான், நீ, அவர்கள் என்று மாறாமல் எப்போதும் "இல் ஃபோ" மட்டும்தான். இங்கிலீஷ் வழியாகப் படிக்கிறவர்கள் இந்த இடத்தில் திணறுவார்கள். மாலை வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் திணறியதைப் பார்த்திருக்கிறேன். நமக்கு அந்தக் கஷ்டமே இல்லை. நான் போக வேண்டும், நீ போக வேண்டும், அவர்கள் போக வேண்டும். நம் சொல்லும் அசையாமல்தானே நிற்கிறது? "இல் மெ ஃபோ அன் ஸ்தீலோ" என்பதில் அந்த ‘மெ’ அப்படியே நம் ‘எனக்கு’. எனக்கு ஒரு பேனா வேண்டும். தமிழை வைத்துப் படி, பாதி வேலை முடிந்துவிடும்.

ஆனால் ‘இல்லை’ சேரும்போது மட்டும் கவனமாக இரு. இதில் நான் பட்டதைச் சொல்கிறேன். பாரிசுக்குப் போய் மூன்றாவது வாரம். கார் து நோர் ரயில் நிலையம் பக்கத்தில் ஒரு சமையற்கூடத்தில் பாத்திரம் கழுவுகிற வேலை. ஆம்லெட்டுக்கு என்றே ஒரு கறுப்பு இரும்பு வாணலி இருந்தது. தலைமைச் சமையல்காரர் அதைக் காட்டி "இல் ந ஃபோ பா லவே" என்றார். ‘இல் ஃபோ’ என்றால் வேண்டும், அப்படியானால் இது ‘கழுவ வேண்டியதில்லை’ என்று நானாகப் புரிந்துகொண்டேன். புது ஆள் என்று இரக்கப்பட்டு வேலையைக் குறைக்கிறார் என்று நினைத்து, இருந்தாலும் செய்துவிடுவோம் என்று அவர் போனதும் கம்பி நாரும் சோப்பும் போட்டுத் தேய்த்தேன். பல வருஷம் எண்ணெய் ஏறிக் கண்ணாடி மாதிரி வழவழத்த கறுப்பு, சாம்பல் நிறமாக உரிந்து தண்ணீரோடு போனது. காலையில் வாணலி முழுக்கத் துரு. அவர் கத்தவில்லை. உப்பைக் கொட்டித் துடைத்து, எண்ணெய் தடவி, அடுப்பில் வைத்துத் திரும்பத் திரும்பக் காய்ச்சினார். நான் பக்கத்திலேயே நின்றேன். ‘இல் ந ஃபோ பா’ என்றால் ‘கூடாது’ என்று அன்றைக்குத்தான் படித்தேன். தேவையில்லை என்றால் "பா பெஸ்வான்" என்பார்கள்.

இன்னொன்று. மேலாளர் "இல் ஃபோத்ரே சோர்த்திர் லே புபெல்" என்று சொல்வார். குப்பைத் தொட்டியை வெளியே வைத்தால் நல்லது என்கிற மாதிரி இருக்கும், யார் பேரும் இருக்காது. கேட்டுக்கொண்டு நிற்பவர்தான் எழுந்து போக வேண்டும். நம் வீட்டில் உன் அம்மா "துணி எடுக்கணும், மழை வருது" என்று பொதுவாகச் சொல்வாளே, அதேதான்.

முடியும், தெரியும் இரண்டும் உனக்குத் தானாக வரும். நீந்தத் தெரியும் என்றால் "ழெ சே நாழே". கால் வலி, இன்றைக்கு நீந்த முடியாது என்றால் "ழெ ந பெ பா நாழே". இதுவும் தமிழ்க் கணக்குதான். ‘பெ’ உச்சரிக்கும்போது உதட்டை ‘ஓ’ சொல்வது போலக் குவித்துக்கொண்டு ‘ஏ’ சொல்லிப் பார், சரியாக வரும். யாராவது காபி வேண்டுமா என்று கேட்டால் "ழெ வே பியான்" என்று சொல்லலாம், அது மரியாதையான சம்மதம். ‘பியான்’ சேர்ந்தால் அந்தக் கடுமை போய்விடுகிறது. போனை வைக்கும்முன் "முடியலப்பா" என்றாயே, அதற்கும் அவர்களிடம் நேர்ச்சொல் இருக்கிறது: "ழெ நான் பெ ப்ளியு". வகுப்பில் ஒரு தோழி கிடைத்தால் அவளிடம் சொல். மனசுக்குள் வைத்துக்கொள்ளாதே.

உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். பத்தொன்பது வருஷம் நான் அங்கே இருந்தேன். விடுமுறைக்கு வரும்போதெல்லாம் சாக்லேட்டும் சட்டையும் கொண்டு வந்தேன், மொழியைக் கொண்டு வரவில்லை. இருக்கிற முப்பது நாளில் உன்னைப் பாடம் படிக்கச் சொல்ல மனசு வரவில்லை. "ழொரே தியு", செய்திருக்க வேண்டும், செய்யவில்லை. தெவ்வார் இப்படி வரும்போதுதான் அதிகம் வலிக்கிறது.

சரி, அறையில் ஹீட்டர் ஓடவில்லை என்றாயே. வீட்டுக்காரருக்கு நீ எழுதிவைத்திருக்கும் "வூ துவே ரெபாரே" (நீங்கள் சரிசெய்ய வேண்டும்) என்பதை இப்போது அனுப்பாதே, அது உத்தரவு. முதல் கடிதத்தில் "புரியே வூ" (உங்களால் முடியுமா) என்று தொடங்கு, ஆள் அனுப்ப முடியுமா என்று கேள், எந்த நாள் வீட்டில் இருப்பாய் என்றும் எழுது. பதில் இல்லை என்றால் மட்டும் ஒப்புகைச் சீட்டோடு ரெகொமாந்தே, அதாவது பதிவுத் தபால், அனுப்பு. அதில் "வூ துவே" எழுதலாம், தவறே இல்லை. 1989 ஜூலை 6 வாடகைச் சட்டம் உன் பக்கம் இருக்கிறது. வீட்டுக்காரர் குடியிருக்கத் தகுந்த வீடு தந்தாக வேண்டும் என்பதற்குச் சட்டம் "ஏ தெனு த" (கட்டுப்பட்டவர்) என்று எழுதுகிறது, துவாவைவிட இறுக்கமான சொல்.

எழுதி முடித்ததும் போன் செய்து வாசித்துக் காட்டு. மாலை ஏழு மணிக்கு மேல் வீட்டில்தான் இருப்பேன். அதுவரை அம்மா கொடுத்த கம்பளியைப் போர்த்திக்கொண்டு படு.

அன்புடன்,
அப்பா