அட்டைக் கவசம் செய்யட்டும், ரெசின் வீட்டுக்குள் வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மாணவர்கள் அட்டையில் தலைக்கவசமும் வாளும் மார்புக்கவசமும் செய்வது பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். படங்கள் அருமை. ஆனால் கடைசியில் ரெசின் என்ற பிசின் திரவத்தைப் பூசிக் காயவிட்டால் கெட்டியாகிவிடும் என்று ஒரே வரியில் முடித்திருந்தார்கள். அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம்.

நாகப்பட்டினம் பக்கம் ஃபைபர் படகுப் பட்டறைகளில் மேட் எனும் கண்ணாடி இழை விரிப்பை ரெசினில் நனைத்து ஒட்டியே என் காலம் போனது. 2004 சுனாமிக்குப் பிறகு கரையெங்கும் புதுப் படகுகள் கட்டிய நாட்களில், ரெசின் வாளிதான் எங்களுக்குச் சோறு போட்டது. அதை வேண்டாத பொருள் என்று நான் சொல்லவே மாட்டேன். அது திறந்த பட்டறையில் இருக்க வேண்டிய பொருள் என்பதுதான் என் பேச்சு.

என் மகள் வயிற்றுப் பேரன் சென்னையில் கல்லூரியில் படிக்கிறான். 2024 பிப்ரவரியில் காமிக்ஸ், சினிமா ரசிகர்கள் கதாபாத்திர வேடம் போட்டு வரும் காமிக் கான் விழா அங்கே முதன்முறையாக நடந்ததிலிருந்து அவனுக்கும் கூட்டாளிகளுக்கும் விடுமுறை என்றால் இதே வேலை. பெப்பகுரா என்று ஒரு ஜப்பானிய மென்பொருள் இருக்கிறது. கணினியில் உள்ள முப்பரிமாண உருவத்தைத் துண்டு துண்டாக விரித்துத் தாளில் அச்சிடத் தருகிறது. சாதாரண ஜெராக்ஸ் தாள் துவண்டுவிடும் என்பதால் 200 ஜிஎஸ்எம் கனமுள்ள அட்டை வாங்குகிறார்கள். மை தீர்ந்த பால்பாயின்ட் பேனாவால் ஸ்கேலை வைத்து மடிப்புக் கோட்டை அழுத்திக் கீறிவிட்டு மடித்தால், மூலை கத்தி வைத்தாற்போல் வருகிறது. ஒவ்வொரு ஓரத்திலும் ஓர் எண் இருக்கும். அதே எண் உள்ள இன்னொரு ஓரத்தைத் தேடி, ஒட்டு மடிப்பில் ஃபெவிகால் தடவி, பிடிக்கும்வரை விரலை எடுக்காமல் உட்கார்ந்திருக்க வேண்டும். அலைபேசியைத் தொடாமல் பிள்ளைகள் அப்படி உட்கார்ந்திருப்பதைப் பார்க்கவே நிறைவாக இருக்கிறது. இந்தக் கலையை யாரும் தடுக்கக் கூடாது.

ஒட்டி முடித்ததும் அது வெறும் அட்டைதான். தலையில் மாட்டி இரண்டு முறை கழற்றினால் நசுங்கும். அதனால் கெட்டிப்படுத்தியே ஆக வேண்டும். சிக்கல் அங்கேதான் வருகிறது.

இதற்கு இவர்கள் பூசும் பாலியெஸ்டர் ரெசினில் ஸ்டைரீன் என்ற ரசாயனம் இருக்கிறது. மூக்கில் ஏறும் அந்த வாடை அதுதான். கண் எரியும், தலை சுற்றும். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2018-இல் ஸ்டைரீனை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ள பொருட்களின் வரிசையில் சேர்த்தது. விடுதி அறையில் கதவைச் சாத்தி ஏசி போட்டுக்கொண்டு இதைப் பூசுகிறார்கள். துணி முகக்கவசம் இதற்கு உதவாது, என்95-ம் உதவாது. அது தூசியைத்தான் தடுக்கும். ஆவியைத் தடுக்கக் கரி வடிகட்டி வைத்த முகமூடி வேண்டும்.

அதைவிட என்னைப் பதற வைப்பது, ரெசினை இறுக வைக்க அதில் கலக்கும் கேட்டலிஸ்ட் என்ற திரவம். நூறு கிராம் ரெசினுக்கு ஒன்றிரண்டு கிராம் போதும் என்பதால் கடைகளில் சில்லறையாக ஊற்றித் தருகிறார்கள். பேரன் வாங்கி வந்தது காலித் தண்ணீர் பாட்டிலில் இருந்தது. பெயர்ச்சீட்டு இல்லை, எச்சரிக்கை இல்லை, நிறமும் தண்ணீர்தான். கண்ணில் ஒரு சொட்டுத் தெறித்தாலே பார்வை போகலாம். உடனே கால் மணி நேரமாவது ஓடும் தண்ணீரில் கழுவிக்கொண்டே இருந்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். குடித்துவிட்டால் என்ன ஆகும் என்று எழுதவே கை வரவில்லை. அந்த வீட்டில் நான்கு வயதுப் பேத்தியும் இருக்கிறாள்.

இன்னொன்று. ரெசின் சீக்கிரம் இறுகுவதற்காகச் சேர்க்கும் கோபால்ட் திரவத்தையும் கேட்டலிஸ்டையும் ஒருபோதும் நேராகக் கலக்கக் கூடாது, குபீரென்று பற்றிக்கொள்ளும். முதலில் கோபால்டை ரெசினில் நன்றாகக் கலக்கி, அப்புறம்தான் கேட்டலிஸ்ட். பட்டறைக்கு வரும் புதுப் பையனுக்கு முதல் நாளே சொல்லித் தரும் பாடம் இது. வீட்டில் செய்யும் பிள்ளைக்கு யார் சொல்வார்கள்? அட்டையில் மெல்லிசாகப் பூசியது பெரிதாகச் சூடேறாது. கிண்ணத்தில் மிஞ்சியது கொதித்துப் புகையும். அந்தக் கிண்ணத்தைக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டுத் தூங்கப் போனால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

சரி, வேறு என்ன வழி? பண்ருட்டி, விழுப்புரம் பக்கம் காகிதக்கூழில் கொலு பொம்மை செய்பவர்களிடம் ரெசினா இருந்தது? காகிதமும் பசையும் சுண்ணமும்தான். அதையே அட்டைக் கவசத்துக்கும் செய்யலாம். பேரனுக்கு நான் சொன்னதும் அதைத்தான். முதலில் உள்ளே குறுக்கும் நெடுக்குமாக அட்டைப் பட்டைகளை ஒட்டி முட்டுக் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் ஈரம் பட்டதும் வடிவம் கோணிவிடும். ஃபெவிகாலில் கொஞ்சம் தண்ணீர் விட்டு, உள்பக்கம் மட்டும் மெல்லிசாக ஒரு பூச்சு. அது முழுக்கக் காய்ந்த பிறகு பழைய பருத்தி வேட்டியை இரண்டு விரல் அகலத்தில் கிழித்து, பசையில் நனைத்துப் பிழிந்து, ஒன்றன்மேல் ஒன்று கொஞ்சம் ஏறுகிற மாதிரி உள்ளே ஒட்ட வேண்டும். அடுத்த அடுக்கைக் குறுக்காக ஒட்ட வேண்டும். படகில் மேட் போடுவதும் ஏறக்குறைய இப்படித்தான். அடுக்குக்கு அடுக்கு நன்றாகக் காய விடுவதில்தான் சூட்சுமமே இருக்கிறது. அவசரப்பட்டால் உள்ளே பூஞ்சை பிடிக்கும். வெளியே சாக் பவுடரை ஃபெவிகாலில் குழைத்து இழுத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் மடிப்பு மூலைகள் மறைந்து வழுவழுப்பாகிவிடும். தேய்க்கும்போது என்95 போட்டுக்கொள்ளலாம், இந்தத் தூசிக்கு அது சரிப்படும். அப்புறம் பிரைமர், பெயின்ட். மழையில் நனைக்க முடியாது என்பது உண்மைதான். மேடைக்கும் விழாவுக்கும் இது தாராளமாகப் போதும்.

ரெசின்தான் வேண்டும் என்று நிற்பவர்கள் அருகில் உள்ள ஃபைபர் பட்டறைக்கு எடுத்துப் போகட்டும். சின்ன வேலை என்று யாரும் விரட்ட மாட்டார்கள், ஆர்வத்தோடு செய்து தருவார்கள்.

ரெசினோ துணியோ எதைப் போட்டாலும், அந்தக் கவசத்தை மாட்டிக்கொண்டு வண்டி ஓட்டக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். இருசக்கர வாகன ஹெல்மெட்டுக்கு ஐ.எஸ். 4151 என்ற தரநிலையும் ஐஎஸ்ஐ முத்திரையும் இருக்கின்றன. அட்டைக் கவசம் விழுந்தால் தலையைக் காக்காது, கண் துளையும் சின்னது, பக்கவாட்டில் வருகிற பஸ் தெரியாது.

தங்களிடம் கேட்பது இதுதான். ரெசின், கேட்டலிஸ்ட் பற்றிய எச்சரிக்கையை வரும் ஞாயிறு இணைப்பிலேயே பெட்டிச் செய்தியாகப் போடுங்கள். கேட்டலிஸ்டைத் தண்ணீர் பாட்டிலில் ஊற்றி விற்பதைத் தங்கள் நிருபர்கள் கடைகடையாகப் போய் விசாரித்து எழுதினால் அதிகாரிகள் கண்ணிலும் படும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஃபைபர் படகுத் தொழிலாளி,
நாகப்பட்டினம்.